வாய்க்கு ஸ்பானிஷ் போதும், கண்ணுக்குப் போதாது

ஆறு மாதம் செல்போன் செயலியில் ஸ்பானிஷ் படித்துவிட்டு ஸ்பெயினில் இறங்குபவர், வெளியேறும் வழியைக் காட்டும் 'சாலீதா' என்ற பலகையைத் தேடுவார். பார்சலோனா மெட்ரோவில் அவர் கண்ணில் படுவது 'சோர்தீதா'. பில்பாவோ மெட்ரோவில் 'இர்தேரா' முன்னால் நிற்கும், 'சாலீதா' அதன் பக்கத்தில் ஒண்டிக்கொண்டிருக்கும். சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா போனால் 'சயீதா'. ஒரே நாட்டில் ஒரே கதவுக்கு நான்கு மொழியில் நான்கு பெயர். படித்தது வீணாய்ப் போனதோ என்ற பயம் இங்கேதான் தொடங்குகிறது.

வீணாகவில்லை. பேச்சுக்கு ஸ்பானிஷ் எங்கும் போதும். சிக்கல் வருவது படிக்கும்போதுதான்: பலகை, கால அட்டவணை, உணவுப் பட்டியல், வீட்டு முகவரி. பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, பார்சலோனா பக்கத்து மொழியான கட்டலானில் நாலு வாக்கியம் பேசப் பழகுகிறார்கள், 'மூடப்பட்டுள்ளது' என்பதற்கான கட்டலான் சொல்லைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

"இந்தி தெரிந்தால் இந்தியா முழுக்கச் சமாளிக்கலாம்" என்ற வாதத்தைக் கேட்டுச் சலித்த நமக்கு, 'ஸ்பானிஷ் எங்கும் போதும்' என்றாலும் சந்தேகம் வரும். ஆனால் அங்கே நிலைமை வேறு. 1978 அரசியல் சட்டத்தின் 3ஆம் பிரிவு, காஸ்தெல்யானோ என்ற ஸ்பானிஷை அறிந்திருப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை, அதைப் பயன்படுத்துவது உரிமை என்கிறது. கூடவே, மற்ற மொழிகளும் அந்தந்தத் தன்னாட்சிப் பகுதியில் ஆட்சிமொழியாக இருக்கும் என்கிறது. அந்தப் பகுதிகளில் பள்ளியில் பெரும்பாலோர் இரண்டையும் படிக்கிறார்கள். வட்டார மொழி மட்டும் தெரிந்த, ஸ்பானிஷ் தெரியாத பெரியவரை நீங்கள் சந்திக்க வாய்ப்பு அநேகமாக இல்லை.

எங்கே எது என்று முதலில் பிரித்துக்கொள்வோம். கட்டலோனியாவிலும் மயோர்கா, இபீசா, மெனோர்கா அடங்கிய பலேயாரிக் தீவுகளிலும் கட்டலான். வலென்சியாவில் மொழிக்கும் 'வலென்சியா' என்றே பெயர், மொழியியல்படி அதுவும் கட்டலானும் ஒரே மொழிதான், ஆனால் அந்த ஊர்க்காரரிடம் "உங்கள் கட்டலான்" என்று ஆரம்பிக்க வேண்டாம். வடமேற்கில் கலீசியன், போர்ச்சுகீசுக்கு மிக நெருக்கம். வடக்கில் பாஸ்க், அவர்கள் சொல்வது எவுஸ்கெரா. பக்கத்து நவார்ராவில் பாஸ்க் பாதிதான்: 1986 சட்டம் அந்தப் பகுதியை மூன்று மண்டலமாகப் பிரித்தது, வடக்கே பாஸ்க் மண்டலம், நடுவில் கலப்பு மண்டலம், தெற்கே பாஸ்க் அல்லாத மண்டலம். பிரெஞ்சு எல்லையை ஒட்டிய ஆரன் பள்ளத்தாக்கில் ஆரனேஸ் என்று இன்னொன்று உண்டு. 2006 முதல் அது கட்டலோனியா முழுமைக்கும் ஆட்சிமொழி. மத்ரித், செவில்யா, கிரனாதா பக்கம் மட்டும் போகிறவருக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை.

ஒரே பகுதிக்குள்ளும் ஊருக்கு ஊர் மாறும். பார்சலோனாத் தெருவில் ஸ்பானிஷ் தாராளமாகக் கேட்கும். உள்நாட்டு ஊர்களான விக், ஒலோத் பக்கம் போனால் கடைக்காரர் வாயைத் திறந்ததும் கட்டலான்தான். கலீசியாவில் கிராமம் கலீசியன் பேசும், வீகோ, லா கொருஞா போன்ற நகரங்களில் ஸ்பானிஷ் ஓங்கி நிற்கும். வெளிநாட்டு முகத்தையோ உச்சரிப்பையோ கண்டதும் பெரும்பாலானோர் தாமாகவே ஸ்பானிஷுக்கு மாறிவிடுவார்கள். மாறாவிட்டால், "மே லோ புவேதே தெசீர் என் காஸ்தெல்யானோ, போர் ஃபவோர்?" என்று கேளுங்கள். 'காஸ்தெல்யானோவில் சொல்ல முடியுமா' என்று பொருள். இந்தப் பகுதிகளில் 'எஸ்பஞோல்' என்பதைவிட 'காஸ்தெல்யானோ' பாதுகாப்பான சொல். முதல் சொல்லுக்கு 'ஸ்பெயினின் மொழி' என்று பொருள். அப்படியானால் எங்கள் மொழி எந்த நாட்டு மொழி என்ற கேள்வி அதற்குப் பின்னால் காத்திருக்கும். 'தியலேக்தோ', அதாவது கிளைமொழி, என்ற சொல்லை வாயில் வரவிடவே கூடாது. சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி 1939 முதல் 1975 வரை இந்த மொழிகளைப் பள்ளியிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் ஒதுக்கிவைத்திருந்தது. அந்த நினைவோடு இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கட்டலான்: பாதி புரிவதால் வரும் வம்பு

ஸ்பானிஷ் தெரிந்தவருக்குக் கட்டலான் எழுத்து பாதிக்கு மேல் புரியும். தொல்லையே அதனால்தான். புரிகிறது என்று நினைத்துத் தவறாகப் புரிந்துகொள்வோம்.

கதவில் 'எம்பெஞேவு' என்றிருந்தால் தள்ள வேண்டும், 'எஸ்திரேவு' என்றால் இழுக்க வேண்டும். ஸ்பானிஷில் இழுக்க 'தீரார்', ஓரளவு ஊகிக்கலாம். 'ஒபேர்த்' திறந்திருக்கிறது, 'தன்காத்' மூடியிருக்கிறது. இரண்டாவது சொல்லை ஸ்பானிஷ் 'செர்ராதோ'விலிருந்து யாராலும் ஊகிக்க முடியாது. ஆகவே அதை மனப்பாடம் செய்யுங்கள். கிழமைகளில் ஸ்பானிஷின் 'லூனெஸ், மார்தெஸ்' கட்டலானில் 'தில்லுன்ஸ், திமார்ஸ்' ஆகும். ஐந்து கிழமைகளும் சனியும் ஞாயிறும் எல்லாமே 'தி' என்று தொடங்குவதால், முதல் இரண்டு ரோமன் எழுத்தை விட்டுவிட்டு மூன்றாவதிலிருந்து படித்தால் வேகமாகப் பிடிபடும். வண்டி நிறுத்தும் பலகையில் 'ஃபெய்னெர்ஸ்' என்றால் வேலை நாள், 'ஃபெஸ்தியுஸ்' என்றால் விடுமுறை. வேலை நாள் கணக்கில் சனிக்கிழமையும் பல இடங்களில் சேரும் என்பதைப் பேருந்து அட்டவணை பார்க்கும்போது மறக்கக் கூடாது. விடுமுறையும் பகுதிக்குப் பகுதி மாறும்: கட்டலோனியாவுக்கு செப்டம்பர் 11, வலென்சியாவுக்கு அக்டோபர் 9, கலீசியாவுக்கு ஜூலை 25. மத்ரித் நாட்காட்டியை வைத்துக்கொண்டு அன்றைக்குக் கடைக்குப் போனால் இழுத்து மூடிய ஷட்டரைத்தான் பார்க்க வேண்டும். வாசலில் 'குவால் பெர்மனென்த்' என்றிருந்தால் அது வண்டி போகும் வழி. ஐந்து நிமிடம் நிறுத்தினாலும் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

மணி கேட்கும்போதுதான் நல்ல ஸ்பானிஷ்காரரும் சறுக்குவார். கட்டலானில் மரபாக மணி சொல்வது, வரப்போகும் மணியை நோக்கி எத்தனை கால் கடந்தது என்ற கணக்கில். 'தோஸ் குவார்த்ஸ் தெ த்ரெஸ்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'மூன்றின் இரண்டு கால்'. அதாவது இரண்டு மணி முடிந்து, மூன்றை நோக்கி இரண்டு கால் ஆகியிருக்கிறது: இரண்டரை. 'உன் குவார்த் தெ த்ரெஸ்' என்றால் இரண்டேகால், 'த்ரெஸ் குவார்த்ஸ் தெ த்ரெஸ்' என்றால் இரண்டேமுக்கால். ஸ்பானிஷ் காதுக்கு 'மூன்று' மட்டும் கேட்கும், மூன்று மணிக்கு மேல்தானே என்று சாவகாசமாக இருந்துவிடுவோம். கால், அரை, முக்கால் நமக்குப் பழக்கம்தான். நாம் கடந்த மணியோடு சேர்ப்போம், அவர்கள் வரப்போகும் மணியோடு சேர்க்கிறார்கள், அவ்வளவே. வலென்சியாவில் ஸ்பானிஷ் முறையிலேயே சொல்வது வழக்கம். பயணச்சீட்டிலும் அட்டவணையிலும் 14:30 என்று எண்ணில்தான் இருக்கும். எனவே யாராவது வாயால் மணி சொன்னால் போனில் காட்டச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

பார்சலோனா முகவரியும் ஒரு புதிர். தெரு, எண், பிறகு இரண்டு சிறு எண்கள்: முதலாவது மாடி, இரண்டாவது கதவு. ஐஷாம்ப்லா என்ற வட்டாரத்தின் நூறாண்டுப் பழைய கட்டடங்கள் சிலவற்றில் தரைத்தளம் 'பாய்ஷோஸ்', அடுத்தது 'என்த்ரசோல்', அதற்கு மேல் 'பிரின்சிபால்', அதன் பிறகுதான் 'முதல் மாடி'. என்த்ரசோல், பிரின்சிபால் இரண்டும் உள்ள கட்டடத்தில் 'மூன்றாம் மாடி' அறை எடுத்தவர் உண்மையில் ஐந்து மாடி ஏறுவார். லிஃப்ட் இருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். வழி கேட்டால் அந்த ஊரார் இடது வலது சொல்வதைவிட 'கடல் பக்கம்', 'மலை பக்கம்' என்பார்கள். தெருக்கள் கட்டம் கட்டமாகக் கடலை நோக்கிச் சரிவதால் அந்த முறை பிசகுவதே இல்லை.

பாஸ்க்: ஊகமே செல்லாத இடம்

பாஸ்க், உலகில் எந்த மொழிக்கும் உறவு நிறுவப்படாத தனிமொழி. ஸ்பானிஷ் அறிவு இங்கே பலகையில் ஒரு சொல்லுக்கும் உதவாது. நல்ல வேளையாக, அதனாலேயே நகரங்களில் பொதுப் பலகைகள் பெரும்பாலும் இரு மொழியிலும் இருக்கும்: பாஸ்க் முதலில், ஸ்பானிஷ் அடுத்து. கிபுஸ்கோவா மாகாணத்தின் சிற்றூர்களில் பாஸ்க் மட்டுமே இருக்கலாம்.

அங்கே கையில் இருக்க வேண்டியது பத்துப் பன்னிரண்டு சொல். 'கொமுனாக்' கழிவறை. 'கிஸோனாக்' ஆண்கள், 'எமாகுமேயாக்' பெண்கள். படம் போடாத மதுக்கடைக் கதவுகளில் இதைத் தெரியாமல் நிற்பவர்கள் அதிகம். 'இரெகிதா' அல்லது 'ஸபாலிக்' திறந்திருக்கிறது, 'இச்சிதா' மூடியிருக்கிறது. 'கொந்துஸ்' எச்சரிக்கை. 'லாறியால்தியாக்' மருத்துவமனையின் அவசரப் பிரிவு. இது ஒன்றையாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் 'டி'யும் 'எக்ஸு'ம் சேர்ந்து வந்தால் ச், 'எக்ஸ்' தனியே வந்தால் ஷ், 'இஸட்' வந்தால் ஸ். இந்த மூன்று விதி தெரிந்தால் ஊர்ப் பெயர்களைக் கேட்டவர் சிரிக்காதபடி சொல்லிவிடலாம்.

முகவரியில் ஒரு கண்ணி உண்டு. மாடிக்குப் பிறகு இடப்பக்க வீடா, வலப்பக்க வீடா என்பதைச் சுருக்கி எழுதுவார்கள். பாஸ்க்கில் இடது 'எஸ்கெர்', வலது 'எஸ்குயின்'. முதலாவதில் நடுவில் இஸட், இரண்டாவதில் எஸ். சுருக்கி எழுதும்போது இரண்டுக்கும் மூன்றே எழுத்து, வேறுபடுவது நடு எழுத்து மட்டும். இரவு பதினொரு மணிக்குத் தவறான வீட்டு அழைப்பு மணியை அழுத்துவதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேறில்லை. தேதியையும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுவது பாஸ்க் வழக்கம். ஸ்பானிஷில் நமக்குப் பழகிய நாள், மாதம், ஆண்டு.

இந்த மொழியில் தமிழருக்கு ஒரு சலுகை காத்திருக்கிறது. பாஸ்க் ஒட்டுநிலை மொழி. வேற்றுமை உருபு பெயரின் வாலில் ஒட்டிக்கொள்ளும். ஸான் செபஸ்தியான் நகரின் பாஸ்க் பெயர் தொனோஸ்தியா. 'தொனோஸ்தியான்' என்றால் தொனோஸ்தியாவில், 'தொனோஸ்தியாரா' என்றால் தொனோஸ்தியாவுக்கு, 'தொனோஸ்தியாதிக்' என்றால் தொனோஸ்தியாவிலிருந்து. 'பில்போதிக் தொனோஸ்தியாரா' என்று பேருந்துப் பலகையில் கண்டால், ஆங்கிலேயர் எதற்கு இரண்டு வால் என்று விழிப்பார். நமக்கு 'இலிருந்து', 'க்கு' என்று பழகிய வால்கள்தான். பெயர்ச்சொல் முடிவில் வரும் 'ஆக்' பெரும்பாலும் நம் 'கள்'. இதை வைத்துப் பாஸ்க்கைத் திராவிடத்தோடு உறவு சேர்க்கும் பேச்சு இணையத்தில் சுற்றுகிறது. அமைப்பு ஒத்திருப்பது உறவுக்குச் சான்றாகாது. துருக்கியும் ஜப்பானியமும்கூட உருபை ஒட்டுகின்றன.

ஊருக்கு இரண்டு பெயர்

காரில் போகிறவருக்குப் பெயர்கள்தான் பெரிய தலைவலி. வித்தோரியாவும் கஸ்தெய்ஸும் ஒன்று. பம்ப்லோனாவும் இருஞாவும் ஒன்று. பில்பாவோ, பில்போ ஊகிக்கலாம். கட்டலோனியாவில் லேரிதா, ஹெரோனா என்று பழைய வழிகாட்டியில் இருப்பவை பலகையில் ய்யெய்தா, ஜிரோனா மட்டுமே. வலென்சியப் பகுதியில் எல்சே என்பது எல்ச், ஹாதிவா என்பது ஷாதிவா. இபீசாத் தீவுக்குக் கப்பல் ஏறும்போது பலகையில் 'எய்விசா' இருக்கும். தீவு மாறிவிடவில்லை.

சந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவுக்கு யாத்திரையாக நடைப்பயணம் போகிறவருக்கு முதல் சில நாளிலேயே இது வரும்: ரொன்செஸ்வாயெஸ் என்பது ஒறேயாகா, புவெந்தே லா ரெய்னா என்பது காரெஸ், எஸ்தெல்யா என்பது லிஸார்ரா. புறப்படுவதற்கு முன் தங்கும் ஊர்களின் இரு பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொள்வது வரைபடச் செயலியைவிட நம்பகமானது. மலைப்பாதையில் சிக்னல் போனால் பலகைதான் துணை.

தட்டில் என்ன இருக்கிறது

சைவர்களுக்கு இங்கே ஒரு தனி எச்சரிக்கை. "சோய் வெஹெதாரியானோ", அதாவது 'நான் சைவம்', என்று சொன்னால் மட்டும் போதாது. இறைச்சியைக் குறிக்கும் கார்னே என்ற சொல் பலர் மனதில் இறைச்சித் துண்டைத்தான் குறிக்கும். தூவிய ஹமோன், அதாவது உப்பிட்ட பன்றித்தொடை, கணக்கில் வராது. 'என்சலாதா மிக்ஸ்தா' என்ற சாதாரண சாலடில் டூனா மீன் இருப்பது வழக்கம். "நோ கோமோ கார்னே, நி பெஸ்காதோ, நி ஹமோன், நி அதூன்" (இறைச்சி, மீன், ஹமோன், டூனா எதுவும் சாப்பிடுவதில்லை) என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். அரிசி உணவுக்கும் பருப்புக்கும் சாறு எதிலிருந்து எடுத்தது என்றும் கேட்க வேண்டும்: "எல் கால்தோ எஸ் தெ கார்னே?" (சாறு இறைச்சியிலிருந்தா?)

பட்டியலில் இதே பொருட்கள் வேறு பெயரில் ஒளிந்திருக்கும். ஹமோன் கட்டலானில் 'பெர்னில்', பாஸ்க்கில் 'உர்தாயஸ்பிகோவா', கலீசியனில் 'ஷமோன்'. அதூன் கட்டலானில் 'தொஞீனா'. கலீசியாவில் 'போலோ' கோழி, 'போல்போ' ஆக்டோபஸ். மிக மோசமான ஜோடி ஒன்று உண்டு: கட்டலானில் 'மந்தேகா' வெண்ணெய், ஸ்பானிஷில் 'மந்தேகா' பன்றிக்கொழுப்பு. தமிழில் எழுதினால் வேறுபாடே இல்லை. ரோமன் எழுத்தில் ஒன்றில் ஜி, மற்றதில் சி. மயோர்காவின் புகழ்பெற்ற சுருள் ரொட்டி 'என்சய்மாதா', அதன் பெயரிலேயே 'சயிம்' என்ற பன்றிக்கொழுப்பு இருக்கிறது. பார்க்க இனிப்பு பன் மாதிரி இருப்பதால் யாருக்கும் சந்தேகமே வராது.

நம்பி உண்ணக்கூடியவை இல்லாமல் இல்லை. தக்காளி தேய்த்த ரொட்டி 'பா அம் துமாகத்'. சுட்ட கத்தரிக்காயும் குடைமிளகாயும் சேர்ந்த 'எஸ்கலிவாதா', மேலே நெத்திலி வைக்காமல் தரச் சொல்ல வேண்டும். கலீசியாவில் எண்ணெயில் வதக்கி உப்புத் தூவிய பாத்ரோன் பச்சை மிளகாய். சில காரம், சில காரமில்லை என்று அவர்களே பழமொழி வைத்திருக்கிறார்கள். நம் நாக்குக்கு எதுவும் காரமில்லை.

எவ்வளவு ஸ்பானிஷ்?

இலக்கணம் முழுக்கத் தேவையில்லை. ஒன்று முதல் நூறு வரை எண், மணி, விலை, கிழமை, 'எங்கே', 'எப்போது', 'எவ்வளவு', 'வேண்டும்', 'வேண்டாம்', இடம், வலம், நேர். இவற்றைச் சொல்வதைவிடக் கேட்டுப் புரிந்துகொள்ளப் பழகுங்கள். கேள்வி கேட்பது சுலபம், பதில் வேகமாக வரும். 'து' நம் 'நீ', 'உஸ்தெத்' நம் 'நீங்கள்'. ஆனால் அளவு வேறு: ஸ்பெயினில் கடையிலும் உணவகத்திலும் முன்பின் தெரியாதவரையே 'து' என்பார்கள், அவமரியாதை இல்லை. முதியவர், போலீஸ், அரசு அலுவலகம் என்றால் 'உஸ்தெத்'. லத்தீன் அமெரிக்க ஸ்பானிஷ் படித்திருந்தாலும் எல்லாம் புரியும். பேருந்தைப் 'பிடிக்க' ஸ்பெயினில் தாராளமாகச் சொல்லும் 'கோஹேர்' மட்டும் மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் கொச்சை; 'தோமார்' என்றால் இரண்டு பக்கமும் சேதமில்லை.

உச்சரிப்பில் நமக்கு நல்ல தொடக்கம் உண்டு. ஸ்பானிஷ் 'டி' நம் த, ட அல்ல. ஆங்கிலப் பழக்கத்தில் ட போடுவதுதான் நம் முதல் பிழை. 'நாதா' என்ற சொல்லின் நடு எழுத்து, 'அது' என்பதில் வரும் த போலவே உயிர்களுக்கு நடுவில் மென்மையாகும். 'பேரோ' என்றால் 'ஆனால்', நாக்கை உருட்டிய 'பெர்ரோ' என்றால் 'நாய்'. ர, ற இரண்டையும் இன்னும் பிரித்துச் சொல்லும் குமரி மாவட்டத்துக்காரருக்கு இது பாடமே அல்ல.

வட்டார மொழியில் வணக்கமும் நன்றியும் மட்டும் போதும்: கட்டலானில் 'போன் தீயா', 'க்ராசியஸ்', பாஸ்க்கில் 'எகுன் ஒன்', 'எஸ்கெறிக் ஆஸ்கோ', கலீசியனில் 'போஸ் தீயாஸ்', 'க்ராதாஸ்'. சொல்லிவிட்டு ஸ்பானிஷுக்கு மாறுவதை யாரும் தவறாக எடுப்பதில்லை. கேமரா மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தினால் மூலமொழியை ஸ்பானிஷ் என்று விட்டுவைக்காமல் கட்டலான், பாஸ்க், கலீசியன் என்று சரியாக மாற்றுங்கள். உணவுப் பட்டியல் உளறலாக வருவதற்கு முக்கால்வாசிக் காரணம் அதுதான்.

பாஸ்போர்ட் தொலைந்தால் 'தெனுன்சியா' என்ற புகார்ப் பதிவு வேண்டும். கட்டலோனியாவில் மோசோஸ், பாஸ்க் பகுதியில் எர்ட்சைன்சா என்று சொந்தப் போலீஸ் உண்டு. தேசியப் போலீசிலும் பதியலாம். ஆவணத்தை ஸ்பானிஷில் தரச் சொல்லிக் கேளுங்கள், கேட்க உரிமை உண்டு. கட்டலானில் வாங்கி வந்தால் ஊரில் காப்பீட்டு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளரைத் தேட வேண்டியிருக்கும். அவசர எண் எங்கும் 112.

தொனோஸ்தியாவிலிருந்து 'தோபோ' என்ற சிறு ரயில் இருனைத் தாண்டி பிரான்சின் ஆந்தாய் வரை போகிறது. எல்லையில் உள்ள ஆற்றைக் கடந்ததும் ஸ்பானிஷுக்குச் சட்டத்தின் துணை கிடையாது. கடைக்காரருக்குத் தெரிந்தால் உண்டு, தெரியாவிட்டால் பிரெஞ்சுதான். பாஸ்க்குக்கும் அங்கே ஆட்சிமொழித் தகுதி இல்லை. ஆனாலும் ஊர்ப் பலகையில் ஆந்தாய் என்ற பிரெஞ்சுப் பெயருக்குப் பக்கத்தில் எந்தாயா என்று பாஸ்க்கிலும் எழுதியிருக்கும். அக்கரையில் கற்ற 'எகுன் ஒன்' இக்கரையிலும் செல்லும்.